பிள்ளைகளிடம் பேசிப் பழகச் சொன்னேன்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றும் தமிழ் வகுப்பில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள். பஸ் போர்டைப் படிக்கிறார்கள். மாத்திரை அட்டையில் காலையா இரவா என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். பேசச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் தரையில் ஏதோ கிடக்கிறது.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் ஒடிசாக்காரிகள். இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கையை விட்டு உரித்துவிட்டு, அந்த வாடையோடேயே நேராக மாதா கோயில் மண்டபத்துக்கு வந்து வாங்குப் பலகையில் உட்காருகிறார்கள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கப் போகலாம். படிக்க வருகிறார்களே, அதுவே பெரிய காரியம்.

டிரஸ்டிலிருந்து இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜான்ஹவி மேடம் போன வாரம் வந்திருந்தாள். ஆழ்வார்திருநகரிப் பெண், என்னைவிடச் சின்னவள், ஆனாலும் மேடம்தான். "கிளாஸ்க்கு வெளில இவங்க யார்கிட்டயாவது தமிழ் பேசுறாங்களா டீச்சர்? அதுதான் இன்டக்ரேஷன்" என்றாள். யாரிடம் வந்து சொல்கிறாள் பாருங்கள். நானே வெளியில் நாலு பேர் நின்றால் அந்தப் பக்கம் போகமாட்டேன். காஸ் சிலிண்டரைப் பார்த்தால் பயம், தெரியாத நம்பரில் போன் வந்தால் பயம். கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரர் ஜெஸ்டின் வேளைக்குப் போன் பண்ணவில்லை என்றால் கப்பலே கவிழ்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவேன்.

சபிதாதான் கடைசியில் சொன்னாள். "கடை போனேன். உப்பு கேட்டேன். சிரிச்சாங்க."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரியவர்கள்தானே சிரிக்கிறார்கள்? சின்னப் பிள்ளைகளிடம் பேசிப் பழகுங்கள் என்றேன். தப்பாகப் பேசினால் பிள்ளைகளே திருத்திக் கொடுக்கும். மூன்று கேள்வி எழுதிப் போட்டேன். உன் பேர் என்ன? வீடு எங்க? அப்பா கடல்ல இருந்து எப்ப வருவாங்க?

நம் திரேஸ்புரத்தில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் நாமெல்லாம் கேட்பது இதைத்தானே.

பிப்ரவரி 8, வியாழன்

வீட்டுப்பாடம் செய்தது சபிதா மட்டும். ஷெர்லினிடம் பேசியிருக்கிறாள். என் மதினி, ஜெஸ்டினின் அக்கா பேபியின் கடைக்குட்டிதான் ஷெர்லின், ஒன்றாம் வகுப்பு. எனக்குப் பிள்ளை இல்லாததால் பாதிநாள் என் குசினியில் அடுப்புப் பக்கம்தான் கிடக்கும். "பேரு ஷெர்லின். வீடு மாதா கெபி பக்கம். அப்பா காலைல வருவாங்க" என்று சபிதா அப்படியே ஒப்பித்தாள். முகத்தைப் பார்க்கவேண்டுமே. அவளுக்கும் ஊரில் அந்த வயதில் ஒரு மகள், மினி. அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மற்றவர்களிடம், சபிதாவைப் பாருங்கள், அவளைப்போலச் செய்யுங்கள் என்றேன்.

பிப்ரவரி 14, விபூதிப் புதன்

பூசை முடிந்து வெளியே வந்ததும் மதினி நெற்றியில் சாம்பலோடேயே போனை நீட்டினாள். ஒரு வீடியோ. யாரோ ஒரு ஆளைக் கட்டி வைத்து அடிக்கிறார்கள். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்து இறங்கியிருக்கிறதாம்.

"எந்த ஊரு மதினி இது?"

"எந்த ஊரா இருந்தா என்னளா, வந்துட்டாங்கள்ல."

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் கதவைப் பூட்டினேன். பூட்டிவிட்டு, நம் வீட்டில் பிடிக்கப் பிள்ளை ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மீன் வாங்கிவிட்டு வந்துகொண்டிருந்தேன். மாதா சிலை இருக்கிற கெபிப் பக்கம் ஒரு பெண் ஷெர்லினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் ஆரஞ்சு மிட்டாய் கொடுக்கிறாள். முகம் தெரியவில்லை. முக்காடு மட்டும்தான் தெரிந்தது. நம் ஆள் இல்லை என்று தெரிந்ததுமே பையைப் போட்டுவிட்டு ஓடினேன். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அது சபிதா என்று பார்த்தேன்.

"டீச்சர்!" என்று சந்தோஷமாக எழுந்தாள். "வீட்டுப்பாடம்" என்றாள்.

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ. ஷெர்லின் "கை வலிக்குது மாமி" என்றது. மிட்டாயைப் பிடுங்கித் தூரப் போட்டேன், பல் சொத்தையாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு. சபிதா அந்த மிட்டாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளைத் தெரிந்த எனக்கே இப்படி என்றால்?

பிப்ரவரி 19, திங்கள்

பயந்தது நடந்துவிட்டது.

மதினி மத்தியானம் வந்து என் குசினி வாசலில் நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. சாதாரணமாக இவள் பேசினால் மீன் ஏலக்கூடம் வரைக்கும் கேட்கும், இன்றைக்குச் சத்தமே வரவில்லை. "ஏளா எமில்டா, அந்த இறால் கம்பெனிக்காரி ஒருத்தி நம்ம ஷெர்லின்ட்ட பேரக் கேட்டிருக்கா. வீடு எங்கன்னு கேட்டிருக்கா. அப்பா எப்ப வருவாருன்னும் கேட்டிருக்காளாம். ஆம்பள இல்லாத நேரம் பாக்குதா பாத்தியா?"

என் கேள்விகள். நான் எழுதிப் போட்ட வரிசை மாறாமல்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, மதினி, நான்தான் கேட்கச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மதினிக்குக் கோபம் வந்தால் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்பாள். போன கிறிஸ்மஸுக்குச் சொன்னாள்.

"அப்படியா மதினி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

போகும்போது, "அனிஷ்கிட்ட சொல்லிருக்கேன். பயலுவ பாத்துக்கிடுவானுவ" என்றாள். அனிஷ் அவள் மூத்த மகன். தெருப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப் முழுக்க அவன் கையில்தான்.

பாத்துக்கிடுவானுவன்னா என்ன அர்த்தம்?

பிப்ரவரி 20, செவ்வாய்

வகுப்பில் இனி வெளியே யாரிடமும் பேசவேண்டாம் என்றேன். பிள்ளைகளிடம் பேசவே கூடாது என்றேன். ஏன் டீச்சர் என்று கேட்டார்கள். பரீட்சை வருகிறது, எழுத்தைக் கவனியுங்கள் என்று ஏதோ உளறினேன். என்ன பரீட்சை? ஒரு பரீட்சையும் கிடையாது.

சபிதா வரவில்லை. லோடு வந்துவிட்டதாம், கம்பெனியில் பிடித்து வைத்துவிட்டார்கள். அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று மற்றவர்களிடம் சொல்லியனுப்பினேன். சொல்வார்கள். சொல்லாமலா இருப்பார்கள்.

பிப்ரவரி 21, புதன்

போலீஸ் தரப்பில் எல்லாம் வதந்தி என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் போனில் மதினியிடம் காட்டினேன். "அவங்க அப்படித்தாம்ளா சொல்லுவாங்க" என்றாள்.

சபிதாவுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். தமிழில் எப்படி விளக்குவது? உன்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைக்கிறார்கள் என்பதை எந்தப் பாடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்? நாளைக்கு நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 22, வியாழன்

மணி அடிச்சேன். நான்தான் அடிச்சேன். இப்ப எழுத வரல. மாதாவே.

பிப்ரவரி 23, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் தலைக்குள் சுற்றுவது நிற்கும்.

நேற்று மண்டபத்தைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தேன். கோயிலுக்கு இந்தப் பக்கம், ஐஸ் உடைக்கிற இடத்தில் கூட்டம். எல்லாம் தெருப் பையன்கள், ஒன்றிரண்டு பெரிய ஆட்களும் இருந்தார்கள். அனிஷ் போனை உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். நடுவில் சபிதா. சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வகுப்புக்கு வருகிற வழியில் மறுபடி ஷெர்லினிடம் பேசியிருக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"எங்கிருந்துளா வந்த? எத்தன பேருளா வந்திருக்கீங்க?" என்று ஒருத்தன் கத்துகிறான். அவளுக்கு அந்தக் கத்தலில் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. நான் முதல் மாதம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். "என் பேர் சபிதா. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?"

ஒருத்தன் சிரித்தான். இன்னொருத்தன் அறைந்தான். பை கீழே விழுந்து டிபன் டப்பா உருண்டு ஓடியது. யாரோ பின்னாலிருந்து கட்டையோடு வந்தான்.

நான் போகவேண்டும். போகவேண்டும் என்று தெரிகிறது, காலு வரமாட்டேங்குது. கத்தினேன், சத்தம் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. போனைத் திறக்க விரல் சொன்னபடி கேட்கவில்லை. அந்த நடுவுக்குள் போனால் என்னையும் அடிப்பார்கள் என்ற ஒன்றே ஒன்றுதான் தலையில் இருந்தது. கேவலம்தான். இருந்தது.

திரும்பி ஓடினேன். கோயிலுக்குள் ஓடினேன். பாதர் இல்லை, மணி அடிக்கிற கோயில்பிள்ளையும் இல்லை. மணிக்கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். நிறுத்தாமல் இழுத்தேன்.

நிறுத்தாமல் மணி அடித்தால் இங்கே ஒரே அர்த்தம். கடலில் ஏதோ ஆகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டு நின்ற இடத்தில் நிற்கிற ஆம்பிளை இந்தக் கரையில் கிடையாது. கட்டையை ஓங்கினவன் அதைப் போட்டுவிட்டு ஓடினானாம். அனிஷ் ஓடினான், அவன் அப்பா செபாஸ்டின் அண்ணாச்சி வலைக்குப் போயிருக்கிறார். எல்லோரும் கடற்கரைக்கு ஓடினார்கள். நான் வெளியே வந்து பார்த்தபோது ரோட்டில் சபிதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது. டப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளை மண்டபத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

இதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? கெட்டிக்காரி என்று நானே என்னைத் தட்டிக்கொடுக்கலாம்.

கடற்கரையில் என்ன நடந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. பெண்கள் எல்லாம் அடுப்பை எரியவிட்டு ஓடியிருக்கிறார்கள். தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறார்கள். யார் வீட்டு வள்ளம் என்று தெரியாததால் எல்லாரும் தன் வீட்டுக்காகவே அழுதிருக்கிறார்கள். பிளாரன்ஸ், ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி, மணலில் விழுந்துவிட்டாள். மதினி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று செபாஸ்டின் அண்ணாச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். வாக்கி டாக்கியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் அண்ணாச்சி, "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றிருக்கிறார்.

எனக்கு இந்த உலகத்தில் எதற்கு அதிகப் பயமோ, அதை எடுத்து ஊரில் ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் போட்டேன்.

எல்லோரும் கோயிலுக்குத் திரும்பி வந்தார்கள். ஊர்க்கமிட்டித் தலைவர் கர்டோசா அண்ணாச்சி, "மணி அடிச்சது யாரு?" என்று கேட்டார். மண்டபத்துக் கதவுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் சபிதா என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடித்திருந்ததால் உள்ளே ஓடி ஒளிய முடியவில்லை. அதுதான் உண்மை. கதவைத் திறந்தேன்.

"நாந்தான் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைய அடிச்சிக் கொல்லப் பாத்தாங்க. அவ கேட்ட கேள்வி எல்லாம் நான் கேக்கச் சொன்னது. பாடம் அது. நான் குடுத்த வீட்டுப்பாடம்."

மதினி ஈரச் சேலையோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னை ஒரு அறை அறைந்தாள். இன்னொன்று அறைவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுகிறாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசையில் என் வாங்கில் யாரும் வந்து உட்காரவில்லை. மணிக்கயிறைச் சுருட்டி மேலே கட்டிவிட்டார்கள். பிளாரன்ஸுக்கு ஸ்கேன் பார்த்தாயிற்று, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதைக் கேட்ட பிறகுதான் ஒரு வாய் சோறு இறங்கியது.

போலீஸ் வந்து பையன்களைக் கூப்பிட்டு எச்சரித்துவிட்டுப் போனது. புகார் கொடுக்கிறாயா என்று சபிதாவைக் கேட்டார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

ஜெஸ்டின் கப்பலிலிருந்து கூப்பிட்டார். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "பல்லிக்குப் பயப்படுத ஒனக்கு எதுக்குளா இந்த வேலை?" என்றார். அப்புறம், "கன்னம் வலிக்கா?" என்று கேட்டார். அதற்குத்தான் அழுதேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

மண்டபத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்து வந்தார்கள், கைகளைக் கோத்துக்கொண்டு. சபிதா இல்லை. கம்பெனி வேனில் போய் வேனில் வருகிறாளாம். மற்ற நேரம் அறையை விட்டு இறங்குவதில்லை. கடைக்குக்கூட மற்றவர்கள்தான் போகிறார்கள். குருத்து ஞாயிறுக்கு முன்னால் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவாள் என்றார்கள்.

ஜான்ஹவி மேடம் வந்திருந்தாள். திட்டத்தை இங்கே நிறுத்திவிடலாமா என்று டிரஸ்டில் பேசுகிறார்களாம். "உங்க மேல தப்பு இல்ல டீச்சர். ரிஸ்க் அசெஸ்மென்ட் நாங்கதான் பண்ணியிருக்கணும்" என்றாள். நல்ல பெண். ஆனால் என் தப்பை அவள் எடுத்துக்கொள்ள முடியாது.

மார்ச் 8, வெள்ளி

தெருவில் சிலுவைப்பாதை. நின்று ஜெபிக்கிற ஸ்தலங்களில் ஒன்று மதினி வீட்டு வாசலில். முழங்காலிட்டபோது பக்கத்தில் மதினி. அன்றைக்கு அப்புறம் இத்தனை பக்கத்தில் இப்போதுதான். ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவ எப்படிளா இருக்கா?"

"ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்குதா மதினி. ஊருக்குப் போறாளாம்."

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணிக்குள்ள நிக்கும்போது எனக்கு ஒடம்பெல்லாம் வெறச்சிப் போச்சு. இவரு போயிட்டாருன்னே நெனச்சேன். நாலு நாளு சோறு தண்ணி எறங்கல" என்றாள். பிறகு கூட்டத்தோடு அடுத்த ஸ்தலத்துக்கு நடந்துவிட்டாள். என்ன சொல்லவந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

மண்டபத்தில் அந்த மூன்று பேரோடு உட்கார்ந்திருந்தேன். வெளியே மதினியின் சத்தம் கேட்டது. ஏலக்கூடம் வரைக்கும் கேட்கிற பழைய சத்தம். மறுபடி என்ன? எட்டிப் பார்த்தேன்.

நடு ரோட்டில் மதினி வருகிறாள். ஒரு கையில் ஷெர்லின். இன்னொரு கையில் சபிதாவின் மணிக்கட்டு. அவள் தங்கியிருக்கிற அறைக்கே போய் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பின்னால் மற்ற ஒடிசாப் பெண்கள். ஐஸ் உடைக்கிற இடத்தைத் தாண்டும்போது அங்கே நின்ற பையன்கள் ஒதுங்கினார்கள். அனிஷும் நின்றான். "என்னலே பாக்க? போனை எடு, இதையும் படம் பிடி" என்றாள் மதினி. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மண்டபத்துக்குள் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலிலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஷெர்லினை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாடத்தை இங்கன வச்சே நடத்து" என்று என்னிடம் சொன்னாள். சபிதாவிடம், "கேளு. எங்கிட்ட கேளு. பேரு கேளு, வீடு கேளு, எல்லாம் கேளு" என்றாள்.

சபிதா கேட்கவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் கண் மதினியிடம் இல்லை, ரோட்டில் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

மதினி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பொறுமை அவளுக்குப் பழக்கமில்லாதது. "சரி, நான் கேக்கேன்" என்றாள். "உன் பேரு என்ன?"

"சபிதா."

"வீடு எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னாள். எங்கள் யாருக்கும் வாயில் நுழையாத பெயர். மதினி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். தப்பாகச் சொன்னாள். சபிதா திருத்திக் கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"பிள்ள இருக்காமே. எப்ப வரும்?"

சபிதா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "ஸ்கூல் லீவு. மே மாசம்" என்றாள். "இப்ப நான் ஊர் போறேன்."

"நீ ஏன் போற? பிள்ளய இங்கன கூட்டிட்டு வா. நீ வேலைக்குப் போற நேரம் எங்க வீட்டுல விட்டுட்டுப் போ. ஷெர்லின்கூட வெளையாடிட்டுக் கெடக்கும்."

நான் சின்னச் சின்ன வார்த்தையாக மாற்றிச் சொன்னேன். சபிதாவுக்குப் புரிந்துவிட்டது. மதினியைப் பார்த்தாள், ஷெர்லினைப் பார்த்தாள், ஐஸ் உடைக்கிற இடத்தைப் பார்த்தாள்.

"பயமா இருக்கு அக்கா" என்றாள்.

நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை இல்லை அது. இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மதினி மடியிலிருந்த பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். "இருக்கத்தான செய்யும்" என்றாள், மெதுவாக.

மற்ற பெண்கள் உள்ளே போய் வாங்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். ஓரத்தில் ரோட்டைப் பார்த்த மாதிரி இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டு, சபிதாவை எனக்கும் மதினிக்கும் நடுவில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். வியாழக்கிழமையும் மதினி போய்க் கூட்டிக்கொண்டு வருகிறாளாம்.